தொலைவிலிருந்து குடிநீர் மீட்டர் கணக்கீடு: நடைமுறைச் சிக்கல்கள் என்ன?

புதுதில்லி: வீடுகளின் குடிநீர்ப் பயன்பாட்டைப் பணியாளர் நேரில் சென்று குறிக்காமல், ரேடியோ அலை அல்லது கைப்பேசி வலையமைப்பு வழியாகப் பெறும் தானியங்கி மீட்டர்கள் மும்பை, புணே உள்ளிட்ட நகரங்களில் பொருத்தப்பட்டுள்ளன. கணக்கெடுப்பில் நேரும் தவறுகளைக் குறைப்பதும், கசிவை விரைவில் கண்டறிவதும் இவற்றின் நோக்கம். எனினும், இம்முறையில் பல நடைமுறைச் சிக்கல்கள் உள்ளன.

பேட்டரி: மின்சார ஸ்மார்ட் மீட்டர் இயங்கத் தேவையான மின்சாரம் அதன் இணைப்பிலேயே கிடைக்கிறது. குடிநீர் மீட்டருக்கு அந்த வசதி இல்லை; அதனுள் உள்ள லித்தியம் பேட்டரி பல ஆண்டுகள் தாங்க வேண்டும். தகவலை அடிக்கடி அனுப்பினால் பேட்டரி விரைவில் தீரும். அதனால் பெரும்பாலான மீட்டர்கள் நாளுக்குச் சில முறை மட்டுமே தகவல் அனுப்புகின்றன.

நிலத்தடிக் குழி: பல வீடுகளில் மீட்டர், தரைக்குக் கீழே இரும்பு மூடியிட்ட குழியில் உள்ளது. மண்ணும் இரும்பும் ரேடியோ அலையைத் தடுக்கின்றன. மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்கும்போது அலை மேலும் வலுவிழக்கிறது.

விட்டுவிட்டு விநியோகம்: இந்திய நகரங்கள் பலவற்றில் நாளுக்குச் சில மணி நேரமே குடிநீர் வருகிறது. மற்ற நேரங்களில் வெறுமையாகும் குழாயில் காற்று புகுகிறது. மீண்டும் நீர் திறக்கப்படும்போது முதலில் வெளியேறும் காற்று மீட்டரின் சக்கரத்தைச் சுழற்றுவதால், வராத நீரும் கணக்கில் சேர்கிறது. இந்தப் பிழையைத் தொலைக் கணக்கீடு திருத்துவதில்லை. அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பு: மேல்நிலைத் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் குளியலறைகளுக்கும் தனித்தனிக் குழாய்கள் இறங்கும் கட்டடங்களில், ஒரே வீட்டுக்கு இரண்டு, மூன்று மீட்டர்கள் தேவைப்படுகின்றன.

கட்டணத்தில் பாதிப்பு: தில்லியில் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, இயங்கும் மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை குடிநீர் இலவசம். அதைத் தாண்டினால் முழுப் பயன்பாட்டுக்கும் கட்டணம் உண்டு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் இது நாளொன்றுக்கு ஒருவருக்குச் சுமார் 133 லிட்டர். நகர்ப்புறங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு அளவோ 135 லிட்டர். வரம்பை ஒட்டியே நீரைப் பயன்படுத்தும் இத்தகைய குடும்பத்துக்கு, காற்றாலோ உத்தேசக் கணக்காலோ சில நூறு லிட்டர் கூடினாலும் சலுகை முழுவதும் கைநழுவிப் போகலாம்.

நுகர்வோர் செய்ய வேண்டியவை: மீட்டர் முகப்பில் உள்ள எண்ணை மாதந்தோறும் குறித்துவைத்து, ரசீதில் உள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டும். நீர் விநியோகம் உள்ள நேரத்தில், தொட்டிக்குச் செல்லும் வால்வு உட்பட அனைத்தையும் மூடிய பிறகும் மீட்டர் ஓடினால், வீட்டுக் குழாயில் கசிவு இருக்கக்கூடும். ரசீதில் வேறுபாடு தெரிந்தால், குறித்துவைத்த எண்களுடன் குடிநீர் வாரியத்திடமோ மாநகராட்சியிடமோ முறையிட்டு, மீட்டரை நேரில் சோதிக்கக் கோரலாம்.