சிறு விமானமும் டோக்கன் முறையும்

சென்ற ஆண்டு தைத் திங்களில் என் மகன் தன் கையால் ஒரு சிறு விமானம் செய்து முடித்தான். தெர்மோகோல் பலகையும் மூங்கிற் குச்சியும் கொண்டு உடலும் இறக்கையும் அமைத்து, மோட்டாரும் வானொலிக் கருவியும் விலைக்கு வாங்கிப் பொருத்தினான். பள்ளி மைதானத்தில் அதைப் பறக்க விட்டபோது, பத்து நொடியும் நில்லாமல் புளியமரத்தில் மோதி இறக்கை முறிந்து வீழ்ந்தது. அங்கிருந்த பெரியவர் ஒருவர், "கவலை எதற்குத் தம்பி? நம் ஊர்க் கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்றார். எலும்பு முறிந்தோர் புத்தூர்க் கட்டை நாடி ரயிலேறி வருவதை அறிந்த நம்மவர் அனைவரும் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. பொதுத் தேர்வுக்கு இரண்டு திங்களே இருந்தன. செலவோ என் சம்பளத்தில் கணிசமான பங்கு. வீடு சேர்ந்ததும் கடுமையாகவே பேசிவிட்டேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் இக்கலையின் வரலாறு கூறும் ஒரு நூலை என் மேசைமீது வைத்துச் சென்றான். நான் மெட்ரிகுலேஷனோடு கல்வியை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தா. ஆயினும் விடுப்பு நாளில் அந்நூலைப் புரட்டியவன், முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை.

1871-ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் துயிலரீஸ் தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர், முறுக்கிய ரப்பர் இழையின் விசையால் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் சென்றது. மனிதன் ஏறிப் பறக்கும் விமானம் தோன்ற இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. எனினும் கையை விட்டு நீங்கிய விமானத்தை மீண்டும் நம் சொற்படி திருப்புவது எவ்வாறு?

அதற்கான வழியின் முதற் சுவடுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே உள்ளது. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், சுவருக்கு அப்பாலிருந்த மணியைக் கம்பியின்றி ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898-இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். பின்னர் 1937-இல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் "கஃப்" என்று பெயரிட்ட மாதிரி விமானத்தை வானொலியால் இயக்கினர். அவ்விமானம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சியகத்தின் உடைமை.

அக்காலத்துக் கருவிகளில் பலவற்றுக்கு ஒரே ஒரு பொத்தான்தான். ஒருமுறை அழுத்தினால் சுக்கான் வலப்புறம் திரும்பும், விட்டால் நேராகும், மறுமுறை அழுத்தினால் இடப்புறம். கடிகாரத்துப் பற்சக்கரம்போல் வரிசை மாறாது. சுக்கானை அசைக்கும் விசை ரப்பர் இழையினுடையது. வானொலி அலை கொக்கியை விடுவிப்பதோடு சரி. முன்னே எந்தப் பக்கம் திரும்பியது என்பதை மறந்தவரின் விமானம் மரத்தைத் தேடிப் போகும். விரலை நகர்த்தும் அளவுக்கு ஏற்பச் சுக்கான் திரும்பும் கருவிகள் 1960-களில்தான் பரவலாயின.

என் மனத்தை மாற்றிய செய்தி இனி வருவது. 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இவர்களுக்குக் கிடைத்தவை ஆறே அலைவரிசைகள். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒருவர் சிவப்பில் விமானத்தைப் பறக்க விட்டிருக்கையில், மற்றொருவர் அறியாமல் சிவப்புக் கருவியை முடுக்கினால் போதும். விமானம் யார் சொல்லையும் கேளாமல் தரையில் விழும். பல திங்கள் உழைப்பு ஒரு நொடியில் தூளாகும். தலைமேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் மைதானத்தில் ஒரு பலகை நட்டு, அலைவரிசைக்கு ஒன்றாகத் துணி உலர்த்தும் கவ்விகளைத் தொங்க விட்டனர். உரிய கவ்வி கையில் இருந்தாலன்றி எவரும் கருவியை முடுக்கலாகாது.

இது நம் டோக்கன் முறையே அன்றோ! ஒற்றைத் தடத்தில் இரு ஸ்டேஷன்களுக்கும் நடுவே ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால், அது கருவிக்குள் திரும்பும்வரை மற்றொன்று எங்கும் வெளிவராது. டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். நம்மிடம் அந்த ஒழுங்கை மின்சாரப் பூட்டு காக்கிறது. அம்மைதானத்திலோ பூட்டு இல்லை. கவ்வியை எடுக்காமல் முடுக்குபவனைத் தடுக்க அவன் மனச்சாட்சியன்றி வேறொன்றும் இல்லை. பொழுதுபோக்குக்காகக் கூடியவர்கள் இந்த ஒழுங்கைத் தாமே வகுத்துக்கொண்டனர் என்று படித்தபோது, மகனிடம் பேசிய பேச்சு எனக்கே உறுத்தியது.

இன்று கவ்விக்கு வேலையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தம் இணைக்கருவியின் ஆணையை மட்டுமே ஏற்கும். ஒழுங்கு மட்டும் வேறு உருவில் தொடர்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துள்ளன. ரேணிகுண்டா விமான நிலையத்தின் அருகே அனுமதியின்றிப் பறக்க விட முயல்வோர் இதை நினைவிற் கொள்க.

இத்துறை பெரும் படிப்பாளிகளுக்கே உரியது என்று எண்ண வேண்டா. 1910-இல் சென்னையில் விமானம் பறக்கவிட்ட தாஞ்செலிஸ் ஓர் ஓட்டல் முதலாளி. சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு அதைக் கட்டினார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழுவினர் 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றதையும் அறிவோம். நடிகர் அஜித்குமார் அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். மாதிரி விமானம் அவருக்கும் பொழுதுபோக்கே.

தேர்வு முடிந்தபின் நானே ஒருநாள் கருவியைக் கையில் வாங்கினேன். விமானம் நம்மை விட்டு விலகிச் செல்லும்வரை எல்லாம் எளிது. நம்மை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகிவிடுகிறது! தாழ்ந்த இறக்கை எப்பக்கமோ அப்பக்கமே கோலைத் தள்ள வேண்டும் என்று மகன் கூவினான். அதற்குள் புளியமரம் வந்துவிட்டது. இம்முறை கட்டுப் போட்டவன் நான். பிசினும் மூங்கிற் பட்டையும் இரண்டு இரவுகளும் ஆயின.

இம்மலர் தங்கள் கைக்கு வரும் நாளன்று மாலை ஐந்து மணிக்கு அவ்விமானம் பள்ளி மைதானத்தில் பறக்கும். காற்று மிகுந்திருந்தால் மறுநாள் காலை. கருவி மகன் கையில் இருக்கும்.