இணைய வேகச் சோதனை: வளர்ந்த வரலாறு

இணைய வேகத்தை அளக்கும் பழக்கம் ஆய்வகத்தில் பிறந்தது. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 'பிங்' என்ற சிறு நிரலை எழுதினார். அனுப்பிய தரவு மறுமுனை சென்று திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பதை அது காட்டியது. பின்னர் அதே ஆய்வகத்தில் உருவான 'டிடிசிபி', விநாடிக்கு எவ்வளவு தரவு போய்ச் சேர்கிறது என்பதை அளந்தது. தாமதம், வேகம் ஆகிய இவ்விரண்டுமே இன்றைய சோதனைகளுக்கும் அடிப்படை.

2006இல் தொடங்கிய ஊக்லா நிறுவனத்தின் 'ஸ்பீட்டெஸ்ட்' இதைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அது அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகள் வழியே தரவை இறக்கும். கம்பி அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பது இதில் தெரியும். ஆனால் அத்தகைய சர்வர்கள் பல, இணைய நிறுவனங்களின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கின்றன. அந்த எல்லையைத் தாண்டிய நெரிசல் அளவில் சிக்குவதில்லை.

2009இல் அறிமுகமான 'எம்-லேப்' திட்டம் சர்வர்களை அந்த எல்லைக்கு வெளியே வைத்தது. அதன் சோதனை ஒற்றை இணைப்பைப் பயன்படுத்தியதால், அதே வீட்டில் குறைந்த எண் வருவதுண்டு. இரண்டும் பொய்யல்ல, அளந்த பாதைகள் வேறு. 2016இல் நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த சர்வர்களை வைத்து 'ஃபாஸ்ட்' சோதனையை வெளியிட்டது. அதே ஆண்டு இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 'மைஸ்பீடு' செயலியைக் கொண்டுவந்தது.

வேக எண்ணில் தெரியாத குறை ஒன்றை 2010 வாக்கில் கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் எடுத்துக்காட்டினார். பெரிய கோப்பு ஒன்று ஏறிக்கொண்டிருக்கும்போது மற்றத் தரவெல்லாம் ரூட்டரின் நினைவகத்தில் வரிசையில் காத்துக் கிடக்கும். அப்போது 20 மில்லி விநாடித் தாமதம் பல நூறாகி, வீடியோ அழைப்பு திக்கும். அதனால் பிற்காலச் சோதனைகள் சுமையின்போது ஏற்படும் தாமதத்தையும் காட்டத் தொடங்கின.

இணைய நிறுவனங்களின் விளம்பரங்களும் மாறின. பிரிட்டனில் 2018 முதல், குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்கு நெரிசல் நேரத்தில் கிடைக்கும் வேகத்தையே விளம்பரப்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது.

வீட்டுச் சோதனையில் வைஃபை, பழைய கைப்பேசி, பக்கத்தில் ஓடும் டிவி ஆகியவையும் எண்ணைக் குறைக்கும். 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒருமுறை எடுத்த அளவு சான்றாகாது. லேன் கேபிளில் இணைத்து, மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, ஒரே சர்வரில் காலையிலும் இரவிலும் பல நாள்கள் எடுத்த அளவுகளே இணைய நிறுவனத்திடம் தரும் புகாருக்கு வலுச் சேர்க்கும்.