ஓசூர் எல்லைப் பகுதியும் ஒயின் உணவகங்களும்

பிஸ்ட்ரோ என்பது 19 ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் பரவிய சிறிய உணவகம். எளிய சமையலும் கோப்பைக் கணக்கில் தரப்படும் ஒயினும் அதன் அடையாளங்கள். பிரான்சின் ஓவர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் விறகு, கரியுடன் ஒயினும் விற்ற கடைகள் இதன் முன்னோடிகளுள் அடங்கும். 1970களில் பிரெஞ்சுச் சமையல் வல்லுநர்கள் ஜப்பானுடன் நெருங்கிப் பழகினர். சிறிய அளவும் தட்டில் அடுக்கும் ஒழுங்கும் அங்கிருந்து பிரெஞ்சுச் சமையலுக்கு வந்தன. 2020 இல் கெய் கொபயாஷி, பிரான்சில் மூன்று மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற முதல் ஜப்பானியச் சமையல் வல்லுநர் ஆனார்.

ஓசூரில் தொழிற்சாலைகள்

ஓசூருக்கு இவ்விரு நாடுகளும் தொழிற்சாலை வழியாகவே வந்தன. 1984 இல் தொடங்கப்பட்ட டைட்டன் நிறுவனம் கைக்கடிகார நுட்பத்துக்கு பிரான்ஸ் எபோஷ் நிறுவனத்துடன் இணைந்தது. டிவிஎஸ் நிறுவனம் 1980களில் ஜப்பானின் சுசுகியுடன் கூட்டுச் சேர்ந்து, 2001 இல் பிரிந்தது. உணவு மேசை மட்டும் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் அமைந்தது. இதற்குச் சட்டமும் ஒரு காரணம்.

மதுவிலக்கு

ஓசூரும் கிருஷ்ணகிரியும் முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தன. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 இல் பிறந்த இராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராயத்தால் ஏழைக் குடும்பங்களின் கூலி கரைவதைத் தடுப்பது அதன் நோக்கம். அரசு இழந்த வருவாயை ஈடுகட்ட 1939 இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1948 இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971 இல் அது தளர்த்தப்பட்டபின் சட்டம் பலமுறை மாறியது. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் உள்ளது. உணவுடன் மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் மனமகிழ் மன்றங்களுக்குமே கிடைப்பதால், சிறிய பிஸ்ட்ரோ இங்கு வேரூன்றுவது கடினம்.

நந்தி மலையடிவாரம்

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. கன்வல் குரோவர், ஷாம்பெயின் வல்லுநர் ஜார்ஜ் வெசெல் துணையுடன் 1988 இல் தொட்டபள்ளாப்பூரில் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டம் அமைத்தார். பின்னர் போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகரானார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமும் குளிர்ந்த இரவுகளும் திராட்சைக்கு உதவின. கர்நாடக அரசு 2007 இல் திராட்சை ஒயினுக்குத் தனிக் கொள்கை வகுத்து, உழவர்களையும் ஆலைகளையும் ஊக்குவித்தது.

ஓசூரும் ஏறத்தாழ அதே உயரத்திலுள்ள பீடபூமி நகரமே. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெயர் பெற்ற பழம் மாம்பழம். அது கூழாக்கப்பட்டு ஏற்றுமதியாகிறது. ஒரே பீடபூமியில் எந்தத் தொழில் வளர்கிறது என்பதை மண்ணும் காலநிலையும் மட்டுமல்லாமல், மாநில எல்லையும் முடிவு செய்வதற்கு இது ஒரு சான்று.