கோலியிலிருந்து கேமரா வரை: புட்டி மூடியின் லைனரும் கசிவுச் சோதனையும்

முன்னுரை

சிமென்டுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர்பெற்ற பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் மூடி இயந்திரங்களின் பிறப்பிடமன்று. மூடிகள் வந்துசேரும் சந்தை. கசிவைச் சோதிக்கும் பொறுப்பு யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதை இங்குப் புழங்கிய அடைப்பு முறைகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

1. புட்டிக்குள் வாஷர்

1872இல் இங்கிலாந்தின் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற புட்டியே நம் கோலி சோடா. கழுத்தின் உட்பக்கம் ஒரு ரப்பர் வாஷர். வாயு அழுத்தத்தால் கோலி மேலெழுந்து அதில் அழுந்தும். புட்டியைத் தலைகீழாக்கி நிரப்பினார்கள். வாயு கசிந்தால் கோலி தளர்ந்து கீழே விழும். சோடாக்காரர் அதைப் பார்த்தே வாஷரை மாற்றினார். தனிச் சோதனைக் கருவி தேவைப்படவில்லை.

2. மூடிக்குள் தக்கை

1892இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் கிரௌன் கார்க்குக்குக் காப்புரிமை பெற்றார். தகர மூடிக்குள் தக்கை வட்டு. இதனால் கசிவைத் தடுக்கும் லைனர் புட்டியை விட்டு மூடிக்கு இடம் மாறியது. ஒருமுறை திறந்ததும் மூடி குப்பைக்குப் போயிற்று. இயற்கைத் தக்கையின் துளைகள் வழியே வாயு தப்பியதால், தக்கைத் தூளைப் பசையிட்டு அழுத்திய வட்டுகள் வந்தன. தமிழகத்தில் 1916இல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க் போன்ற நிறுவனங்களின் பானங்கள் இத்தகைய மூடியோடு ஊர்தோறும் பரவின.

மூடி இறுகியதா என்பது வெளியே தெரியாது. ஆகவே அளவீடு அவசியமாயிற்று. சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள மூடி, புட்டி வாயில் நசுக்கப்பட்டதும் 28.7 மி.மீ. அளவுக்குச் சுருங்க வேண்டும். ஆலையில் கேஜ் வளையம் இதைச் சரிபார்த்தது. சில புட்டிகளின் மூடியைத் துளைத்து, வாயு செலுத்தி, எந்த அழுத்தத்தில் கசிகிறது என்றும் பார்த்தார்கள். ஆனால் இது மாதிரிச் சோதனை மட்டுமே.

3. உருகிய பிளாஸ்டிக்

தக்கையின் இடத்தைப் பிவிசி பிடித்தது. பின்னர் அதன் சேர்மானங்கள் பற்றிய ஐயத்தால் பிவிசி இல்லாத கலவைகள் வந்தன. இன்றைய இயந்திரம் உருகிய பிளாஸ்டிக்கைச் சிறு உருண்டையாக வெட்டி மூடிக்குள் இடும். குளிர்ந்த அச்சு அதை வளைய வடிவில் அழுத்தும். இத்தாலியின் இமோலாவில் 1919இல் தொடங்கிய சாக்மி கூட்டுறவு நிறுவனம் இவ்வகை இயந்திரங்களுக்குப் பெயர்பெற்றது. லைனர் விடுபட்ட, கோணிய மூடிகளைக் கேமரா ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்குகிறது. மாதிரிச் சோதனை முழுச் சோதனையானது.

4. இருபது லிட்டர் கேன்

சுண்ணாம்புக்கல் நிலத்தின் கடினநீரால் கேன் தண்ணீருக்கு இங்குத் தேவை மிகுதி. கோலிப் புட்டியைப் போலவே கேனும் திரும்பி வருகிறது. மூடி மட்டும் புதிது. மூடி ஆலையிலேயே சோதிக்கப்பட்டு வந்தாலும், பலமுறை அடிபட்ட கேன் கழுத்தோடு அது பொருந்துமா என்பதை அந்த ஆலை அறிய முடியாது. கேனைச் சாய்த்து, கசிகிறதா என்று பார்ப்பவர் நிரப்புபவரும் வாங்குபவருமே.

முடிவுரை

லைனர் எங்கே இருந்ததோ அங்கேயே சோதனையும் இருந்தது: வாஷர் காலத்தில் சோடாக்காரரிடம், தக்கை முதல் பிளாஸ்டிக் வரை ஆலையிடம். புதிய மூடியும் பழைய கழுத்தும் சேரும் கேனில் அப்பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. மூடிக்கு உள்ள கண்காணிப்பு, திரும்பி வரும் கேனின் கழுத்துக்கும் வேண்டும்.