உறைந்த புகை நனையலாமா?

1931இல் அமெரிக்க வேதியியலர் சாமுவேல் கிஸ்ட்லர் சிலிக்கா கூழிலிருந்து திரவத்தை நீக்கி, அந்த இடத்தைக் காற்றுக்கு விட்டார். ஏரோஜெல் பிறந்தது. கூழைச் சும்மா காயவிட்டால் திரவத்தின் பரப்பு இழுவிசை துளைகளை நசுக்கிவிடும். அதனால் உயர் அழுத்தத்தில் சூடாக்கி, திரவம் வாயு என்ற எல்லையையே அழித்தார்.

சரி, ஜெயிச்சாச்சா? இல்லை. சிலிக்காவின் உட்சுவர்களில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் புகுந்தால் பழைய இழுவிசை திரும்பி வந்து, சில நானோமீட்டர் சுவர்களை உடைத்துவிடும். மருந்தையும் கிஸ்ட்லரே தேடினார்: சிலேன் சேர்மங்களைக் கொண்டு சுவர்களுக்கு ஒரு போர்வை. 1952இல் காப்புரிமை. போர்வையின் தடிமன் கிட்டத்தட்ட ஒரு மூலக்கூறுதான். துளைகள் அடைபடவில்லை, தண்ணீர் மட்டும் வெளியே நின்றது.

ஏரோஜெல்லைப் பற்றிப் பேசுபவர்கள் 1931ஐச் சொல்வார்கள். ஆய்வகத்தைத் தாண்டி மழையிலும் அது பிழைத்தது இந்த இரண்டாவது வேலையால்தான்.