அணுக்கருவின் கணக்கு

சூரியனைச் சுற்றும் கோள்களுக்கு நடுவே ஒரு தலைவன் உண்டு. அணுக்கருவினுள்ளே தலைவன் எவனுமில்லை. புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மிக நெருங்கினாலோ தள்ளுகின்றன. 1949-இல் மேயர் அம்மையாரும் யென்சனும் 28, 50, 82, 126 முதலிய மாய எண்களை விளக்கினர். ஆயினும், சராசரி விசையொன்றை வைத்துக்கொண்டே அவர்கள் தொடங்கினர். துகள்களிடையேயுள்ள விசையை மட்டும் கொண்டு கருவைக் கட்டிக்காட்ட இயலாதா?

1958-இல் கோஸ்டரும், 1960-இல் அவரோடு கியூமெலும் ஒரு வழி கண்டனர். தேர்த்திருவிழாக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் தனித்து நடப்பதாக முதலில் கொள்வோம். பிறகு இருவர் கைகோத்துச் செல்வதையும், மூவர் சேர்ந்து செல்வதையும் கணக்கில் சேர்ப்போம். இச்சிறு குழுக்களைக் கொண்டே பெருங்கூட்டத்தையும் அறிந்துவிடலாம். எண்ணம் அழகியதுதான், அதற்கேற்ற கணக்கிடும் பொறி அன்று ஏது?

1966-இல் பிராக் நகரத்துச் சிஷெக் இம்முறையை வேதியியலுக்குக் கொண்டு சென்றார். எலெக்ட்ரான்கள் அத்துணை முரட்டுத்தனம் காட்டுவதில்லை. ஆகவே அங்கே அது செழித்தது. பிறந்த வீட்டிலோ, கியூமெலின் குழுவினரைப் போன்ற சிலரே அதைப் பேணினர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது வீடு திரும்பியது. புஜிதாவும் மியாசாவாவும் 1957-இலேயே சொன்ன மூன்று துகள் விசையும் அப்போது கணக்கில் இடம்பெற்றது.

2022-இல் 208 துகள்கள் கொண்ட ஈயக்கருவே கணக்கிடப்பட்டது. அதன் நியூட்ரான் தோலின் தடிப்பு 0.14 முதல் 0.20 பெர்மி வரை என்று விடை வந்தது. அமெரிக்காவில் 2021-இல் வெளியிட்ட அளவீடோ 0.28 என்கிறது, அதன் பிழையெல்லை 0.07.