நாடக ஆராய்ச்சியும் மதங்க சூளாமணியும்

நாடகம் அரங்கிலே கண்ணாற் கண்டும் செவியாற் கேட்டும் இன்புறுதற்கென எழுந்த கலை. ஆயினும் வகுப்பறையிற் புகுந்த அன்றே அது பாடநூலாகி விடுகின்றது. கதைச் சுருக்கம், பாத்திரங்களின் குணநலன், அருஞ்சொற்பொருள் ஆகிய மூன்றனையும் மனனஞ் செய்த மாணவன் நாடகத்தைக் கற்றுவிட்டதாகக் கருதுகின்றான். அவன் அறிந்தது கதை ஒன்றையே. அக்கதை எவ்வாறு நாடகமாயிற்று என்பதை அவன் அறிந்திலன். இக்குறையை நீக்குதற்கு வேண்டிய கருவி தமிழிலே முன்னரே உண்டு. அதனை எடுத்தாளும் பழக்கமே வேண்டற்பாலது.

சிலப்பதிகார அரங்கேற்றுகாதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், தம் காலத்து வழங்கிய நாடகநூற் கருத்துக்கள் பலவற்றை அவ்வுரையிலே பொதிந்து வைத்தார். உ. வே. சாமிநாதையர் 1892 ஆம் ஆண்டில் அவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தமையால் அக்கருத்துக்கள் கற்போர் கைக்கெட்டின. அதற்கு முந்திய ஆண்டிலே பெ. சுந்தரம்பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. 1897 இல் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் நாடகவியல் என்னும் இலக்கணத்தைச் செய்யுளால் இயற்றினார். இவ்வாறு இலக்கியமும் இலக்கணமும் ஒருங்கே தோன்றியும், மனோன்மணீயம் படித்தற்குரிய செய்யுள் நாடகமாதலின், பதம் பிரித்துப் பொருள் கூறும் காவியப் பயிற்சியே நாடகத்துக்கும் உரியதென எண்ணுதற்கு இடமாயிற்று.

இலக்கணத்தை இலக்கியத்தோடு பொருத்திக் காணும் பணியை விரிவாக மேற்கொண்டவர் விபுலாநந்த அடிகள். 1892 இல் காரைதீவிலே பிறந்த அடிகள், துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். 1924 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு வளர்ந்து, 1926 இல் மதங்க சூளாமணி என்னும் நூலாயிற்று. அது மூன்று இயல்களையுடையது. உறுப்பியல் நாடகத்தின் உறுப்புக்களை வகுத்துரைக்கின்றது. எடுத்துக்காட்டியல் சேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டனை ஆராய்கின்றது. ஒழிபியல் தனஞ்சயரின் தசரூபகத்தைத் தழுவி எஞ்சியவற்றைக் கூறுகின்றது. இலக்கணம் கூறியவுடன் எடுத்துக்காட்டிற் புகும் இம்முறை, சிறந்த ஆசிரியர் ஒருவரின் பாட ஒழுங்கை ஒத்திருத்தல் காண்க.

அடியார்க்குநல்லார் வழியாகக் கிடைக்கும் கருவிகளுள் மாணாக்கர்க்கு மிகவும் பயன்படுவது ஐவகைச் சந்தி. முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. அவற்றை உரையாசிரியர் நெற்பயிரின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு விளக்குகின்றார். உழுத நிலத்திலிட்ட வித்து முளைத்தல் முகம். இலைவிட்டு நாற்றாதல் பிரதிமுகம். கருக்கொண்டு நிற்றல் கருப்பம். கதிர் முற்றுதல் விளைவு. அறுத்துச் சூடடித்துத் தூற்றிக் கொண்டுபோய் உண்டு மகிழ்தல் துய்த்தல். வயலைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுமோ?

இக்கருவியை மக்பெத் நாடகத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். சூனியக்காரியரின் வாக்கு வித்தாகின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால், கருப்பம் முடிந்து விளைவு தொடங்கும் இடம் யாது? டங்கன் மன்னனின் கொலை என்பான் ஒரு மாணவன். அக்கொலையால் மக்பெத் விரும்பிய முடி கிடைத்தது. ஆதலின் அது வளர்ச்சியே என மறுப்பான் மற்றொருவன். பாங்கோவின் மகன் கொலைஞர் கைக்குத் தப்பியோடும் மூன்றாம் அங்கத்துக் காட்சியையே அவன் சுட்டுவான். இருவரும் தத்தம் கூற்றுக்கு நூலிலிருந்தே சான்று காட்டல் வேண்டும். இவ்வழக்கே ஆராய்ச்சி. முடிந்த விடையைக் கரும்பலகையில் எழுதிக்கொடுக்கும் ஆசிரியர் இப்பயனை மாணவனிடமிருந்து பறித்து விடுகின்றார்.

அடுத்து, காட்சிகளின் வைப்பு முறையை நோக்கச் செய்தல் வேண்டும். முதலங்கத்தின் ஐந்தாங் காட்சியிலே மக்பெத்தின் மனைவி மன்னனைக் கொல்லத் துணிகின்றாள். ஆறாங் காட்சியில் அம்மன்னன் அவளது கோட்டை வாயிலில் நின்று, அவ்விடத்துக் காற்றின் இனிமையைப் பாராட்டுகின்றான். அவையோர் அறிந்ததை அவன் அறியான். இவ்விரு காட்சிகளையும் மாணாக்கர் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்தால், குறிப்புரை ஏதுமின்றியே அச்சம் பிறக்கும். கொலை அரங்கில் நிகழவில்லை. அதன்பின் கதவு தட்டும் ஓசையே கேட்கின்றது. அவ்வோசை தம் உள்ளத்தில் ஏன் அத்துணை அச்சத்தை எழுப்பிற்று என்னும் ஒரு வினாவிலிருந்தே தோமஸ் டி குவின்சி 1823 இல் புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். தன் உள்ளத்தில் நிகழ்ந்ததற்குக் காரணம் தேடுதல் மாணவனுக்கும் இயலும்.

எனினும் ஐஞ்சந்தி விளக்கேயன்றி அச்சு அன்று. எல்லா நாடகங்களும் அதனுள் அடங்கும் என வற்புறுத்தல் தவறு. வடமோடிக் கூத்தை ஏட்டில் மட்டும் படிப்பவன், வரவுப்பாட்டும் தாளக்கட்டும் ஆட்டமும் சேர்ந்து ஒரு பாத்திரத்தை எவ்வாறு நிறுவுகின்றன என்பதை உணரான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றிய இராவணேசன், கூத்தின் ஆற்றல் ஆட்டத்திலும் இசையிலும் உறைதலைக் கற்றோர்க்குப் புலப்படுத்திற்று. ஆகவே எந்நாடகமாயினும், ஒரு காட்சியையேனும் எழுந்து நின்று நடித்துப் பார்த்த பின்னரே ஆராயப் புகுதல் நன்று.

ஒருவன் கூறுவது யாது, அவன் உள்ளத்தில் மறைப்பது யாது, கேட்போர் அறிந்தது எவ்வளவு என்னும் வினாக்களை நாடகத்தின்பால் எழுப்பிப் பழகிய மாணவன், பிற்காலத்தில் மேடைப்பேச்சையும் செய்தித்தாளையும் அவ்வாறே நோக்குவான். தேர்வு முடிந்த சில திங்களில் கதைச் சுருக்கம் மறந்துபோம், இப்பழக்கம் மறவாது. மதங்க சூளாமணியைப் பாராட்டுவதோடு அமையாது, அதன் நெறியை வகுப்பறையில் வழங்கச் செய்தலே நாடகம் பயிற்றும் ஆசிரியர் அதன் ஆசிரியர்க்குச் செலுத்தத்தகும் கடன்.